ஒரு மடக்குத் தண்ணீர்

"ஃபைலைத் திறந்துகூடப் பார்க்கலையே நீங்க," என்றாள் டெர்வ்லா.

அயர்லாந்துப் பிரதமர் கஹல் டெவெனி கண்ணாடி முன் நின்று டையைச் சரிசெய்துகொண்டிருந்தார். ஃபைல் அவள் வைத்தது வைத்தபடி மேசைமேல் கிடந்தது. இன்னும் சற்று நேரத்தில் அவையில் எதிர்க்கட்சித் தலைவர்களின் கேள்வி நேரம். இன்னதைக் கேட்கப் போகிறோம் என்று முன்கூட்டிச் சொல்லும் வழக்கம் அங்கே கிடையாது. வெள்ளம் வரலாம், வீட்டு வாடகை வரலாம், பாலுக்கு விலை இல்லை என்ற புலம்பல் வரலாம். எது வந்தாலும் பிரதமர் எழுந்து நின்று சமாளித்தாக வேண்டும். அதில் கஹல் புலி. அவர் ஒரு வார்த்தைக்குத் தடுமாறி அந்த அவை பார்த்ததில்லை.

"பதறாதேம்மா. கேட்டா சொல்லிட்டுப் போறேன்."

அந்தத் தெம்புதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. அவருடைய ஆலோசகராகச் சேர்ந்த நாளிலிருந்து தனக்கென்று அவள் எதையும் கேட்டதில்லை. நேற்று மாலை மட்டும் கெஞ்சாத குறையாகக் கேட்டாள். பாலிகார்ன் மருத்துவமனையின் பிரசவ வார்டை மூடியே தீருவேன் என்று நிதியமைச்சர் ஃபின்டன் ராஃப்டர் ஒற்றைக் காலில் நிற்கிறார். பாலிகார்ன் டெர்வ்லாவின் ஊர். அவள் தங்கை ஓர்லாவுக்குக் கிறிஸ்துமஸ் சமயத்தில் பிரசவம். வார்டை மூடிவிட்டால், வலி எடுத்தவளை மலைப்பாதையில், பனியில், அடுத்த ஊர்வரை காரில் கொண்டுபோக வேண்டும்.

கஹல் பொறுமையாகத்தான் கேட்டுக்கொண்டார்.

"ஃபின்டன் கூட்டணிக் கட்சி ஆளு. நானா போய் மூடாதேன்னு சொன்னா அன்னிக்கே வெளியே போயிடுவான். ஆட்சியும் போயிடும். அடுத்து வர்றவன் மட்டும் வார்டைத் திறந்து வைப்பானா?"

சொல்லிவிட்டு, நாயைக் கூட்டிக்கொண்டு கடற்கரையில் நடக்கப் போய்விட்டார். மனசு கேட்காமல் டெர்வ்லா அவருக்குத் திரும்பத் திரும்ப ஃபோன் செய்தாள். நாயோடு நடக்கிற மனுஷனுக்கு யாரோடு அவ்வளவு பேச்சோ, லைன் பிஸியாகவே இருந்தது.

அவையில் மணி அடித்தது. டெர்வ்லா அதிகாரிகளுக்கான ஓரத்து இருக்கையில் உட்கார்ந்தாள். எதிர்வரிசைத் தலைவி முரின் டியர்னி எழுந்தார். வெள்ளத்தையும் கேட்கவில்லை, வாடகையையும் கேட்கவில்லை.

"பனி விழுந்தா அந்த மலைப்பாதையில உப்பு தூவுற லாரியே ஏறாது. வலி எடுத்த பொண்ணு எப்படி ஏறுவா? பாலிகார்ன் பிரசவ வார்டை மூடப் போறீங்களா, இல்லையா?"

டெர்வ்லா இருக்கையின் நுனிக்கு நகர்ந்தாள். கஹல் எழுந்து, மக்களின் ஆரோக்கியமே இந்த அரசின் கண் என்று வழக்கமான பல்லவியை ஆரம்பித்தார்.

"பந்தை அடிக்கச் சொன்னா புல்லை அடிக்கிறாரே," என்றது பின்வரிசையிலிருந்து ஒரு விவசாயி உறுப்பினரின் குரல். ஹர்லிங் என்னும் மட்டைப்பந்து ஆடி வளர்ந்த அவை குலுங்கிச் சிரித்தது.

முரின் மட்டும் சிரிக்கவில்லை. "மூடுவீங்களா மாட்டீங்களான்னுதான் கேட்டேன். தெரியலைன்னா பக்கத்துல உட்கார்ந்திருக்கிற நிதியமைச்சரைக் கேட்டுச் சொல்லுங்க. இங்கே யாரு பிரதமர்னு நாங்களும் தெரிஞ்சுக்கிறோம்."

கஹல் வாயைத் திறந்தார், மூடினார். எதையோ சொல்ல வந்து பாதியில் விட்டார். டம்ளரை எடுத்த கை லேசாக நடுங்கியது. ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். வேண்டாம் என்பதுபோல ஃபின்டன் அவர் கோட்டு நுனியைப் பிடித்து இழுத்தார். ஆளுங்கட்சியின் கிராமத்து உறுப்பினர்களோ முரினுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"மூடலை," என்றார் கஹல் கரகரத்த குரலில். "நான் இந்த நாற்காலியில இருக்கிறவரைக்கும் அந்த வார்டை மூட மாட்டோம்."

எதிர்வரிசை ஆர்ப்பரித்தது. நாடே தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தது. பிரதமர் அவையில் சொன்னது சொன்னதுதான். சொந்த அமைச்சரே அதை மறுத்தால் மொத்த அரசும் சந்தி சிரித்துப் போகும்.

நடைக்கூடத்தில் ஃபின்டன் கஹலை மடக்கினார்.

"இதையே நீங்க மந்திரிசபையில சொல்லியிருந்தா அங்கேயே ராஜினாமாவைக் கொடுத்திருப்பேன். ஊரே பார்க்க மாட்டிக்கிட்டு முழிச்ச மனுஷன்கிட்ட என்னத்தைச் சண்டை போடுறது? போங்க. எங்கேயாவது பணத்தைத் தேடிப் பிடிச்சு வார்டை நடத்துறேன்."

பாவம் என்று அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நடந்தார்.

டெர்வ்லாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஓர்லா பிழைத்தாள். ஆனால் இந்த மனுஷனின் மானம் கப்பலேறிவிட்டதே. நாளைக்குப் பத்திரிகைகளில் முரினின் வெற்றிச் சிரிப்பும் இவருடைய நடுங்கிய கையும்தான் இருக்கும். ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லலாம் என்று அவர் அருகே போனாள்.

அதற்குள் முரின் அந்தப் பக்கமாக வந்தார். கஹலைத் தாண்டும்போது கொஞ்சம் நின்று, எதிர்ச்சுவரைப் பார்த்தபடியே தாழ்ந்த குரலில் பேசினார்.

"தண்ணி குடிச்சதுதான் கொஞ்சம் ஓவர், கஹல். நேத்து ஃபோன்ல ஒத்திகை பார்த்தப்போ அது இல்லையே?"

"அது மட்டும் என் கைச்சரக்கு," என்றார் பிரதமர்.