ஐந்தாவது வரி

கரும்பலகையின் ஐந்தாவது வரியில் பிழை இருந்தது.

அரங்கில் உட்கார்ந்திருந்த அவருக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. நல்ல குளிர்ச்சி.

வேறு யாரும் கவனிக்கவில்லை. முன்வரிசைப் பேராசிரியர்கள் கண்ணை மூடி ஆழ்ந்து சிந்தித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருடைய சிந்தனை லேசாகக் குறட்டை விட்டது.

பேசிக்கொண்டிருந்தவள் ரெஜினா. அவரோடு எம்.எஸ்சி. படித்தவள். ஏதோ ஒரு கல்லூரியில் பி.காம். பிள்ளைகளுக்குப் புள்ளியியல் நடத்துகிறவள். அவளுக்கு எதற்கு இதெல்லாம்?

அவள் எடுத்துக்கொண்ட கணக்கு இதுதான்: கலப்பெண்களால் ஆன பரப்பு ஒன்று. அதில் கசங்கிப்போன ஒரு புள்ளி. அதைச் சுற்றிச் சின்னதாய் ஒரு கோளம் வைத்து வெட்டினால், வெட்டிய விளிம்பு ஒரு முப்பரிமாண வெளி.

ஒரு குறிப்பிட்ட வகை வெளிகள் அத்தனையையும் இப்படி வெட்டியே எடுத்துவிடலாம் என்பது ஒரு ஊகம். அவர் பெயரால் வழங்குகிறது. வழங்கத் தொடங்கியவரும் அவரே.

நிரூபிக்கத்தான் முடியவில்லை.

ரெஜினா ஒவ்வொன்றாக வெட்டி எடுத்துவிட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் வரமாட்டேங்குது. அத நம்ம சார்தான் முடிச்சு வைக்கணும்."

அரங்கு சிரித்தது. அவரும் சிரித்தார்.

வராது. எப்படி வரும்? மைனஸ் மூன்று வர வேண்டிய இடத்தில் மைனஸ் இரண்டு போட்டிருக்கிறாள். எழுந்து நின்று, மெதுவாக, வருத்தம் தோய்ந்த குரலில் சொல்ல வேண்டும்.

அழைப்பிதழின் பின்பக்கத்தில் ஒருமுறை போட்டுப் பார்த்தார், வருத்தத்துக்கு முன் ஒரு முன்னெச்சரிக்கையாக.

மைனஸ் மூன்று போட்டதும் கணக்கு சரியாக அமர்ந்தது.

கடைசி வெளியும் வந்துவிட்டது.

மறுபடி போட்டார். மறுபடியும் வந்தது.

அவர் வாயைத் திறந்தால், அவருடைய ஊகம் இந்த நிமிடமே தேற்றமாகிவிடும். அவளுடைய தேற்றம்.

"கேள்வி ஏதாவது?" என்றார் கருத்தரங்கை நடத்திய நிறுவனத்தின் இயக்குநர்.

அவர் அழைப்பிதழை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

ரெஜினா பலகைப் பக்கம் திரும்பினாள். ஐந்தாவது வரியருகே அவள் பார்வை கொஞ்சம் தயங்கியது.

அவர் எழுந்துவிட்டார். மேடையேறி டஸ்டரை எடுத்தார்.

"நீ உக்காரு ரெஜினா. களைச்சுப் போயிருப்ப. நான் அழிக்கிறேன்."

அரங்கு நெகிழ்ந்தது. இவ்வளவு பெரிய மனிதர்! யாரோ கைதட்டினார்கள்.

"சார், ஒரு நிமிஷம்." இயக்குநர் போனை உயர்த்தினார். "அப்படியே நில்லுங்க. பலகையும் தெரியணும்."

அவர் டஸ்டரோடு திரும்பி, அடக்கமாகச் சிரித்தார்.

பிறகு, அரை அடி இடப்பக்கம் நகர்ந்து, ஐந்தாவது வரிக்கு முன்னால் நின்றார்.