ராஜாத்தியின் சாட்சி

“இவனுக்கு இரக்கமே காட்டக் கூடாது!”

நாராயணப்பன் வாத்தியாரின் குரல் கோர்ட்டு வராந்தா வரைக்கும் கேட்டது. அவர் கையில் ஊர்க்காரர்கள் கையெழுத்துப் போட்ட மனு இருந்தது.

கூண்டில் சாந்த் பாஷா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். வேப்பனப்பள்ளியில் மாங்காய் ஏற்றி, ஓசூர் வழியாகப் பெங்களூருக்கு லாரி ஓட்டுகிறவன். பங்குனி மாதத்தில் ஒருநாள் காலை, பள்ளிக்கூடத்துக்கு எதிரே எட்டு வயது ராஜாத்தியை இடித்துத் தள்ளிவிட்டு, நிற்காமல் போய்விட்டான். பிள்ளைக்கு வலது கால் நசுங்கிப் போயிற்று. இனி ஆயுசுக்கும் தாங்கித் தாங்கித்தான் நடக்க வேண்டுமாம்.

அந்த ரோட்டில் ஆறு மாதத்தில் அடிபட்ட மூன்றாவது குழந்தை அவள். இடித்துவிட்டு ஓடுகிறவனுக்கு இனிமேல் அபராதம் கிடையாது, ஜெயில்தான் என்று புது மாஜிஸ்திரேட் வந்த அன்றே சொல்லியிருந்தார். ஊரே அவரைக் கையெடுத்துக் கும்பிட்டது.

“ஏன் நிற்கவில்லை?” என்று கேட்டார் மாஜிஸ்திரேட்.

“கொழந்த திடீர்னு குறுக்க ஓடியாந்துடுச்சு சாமி. ஜனங்க கட்டையும் கல்லுமா வந்தாங்க. பயந்துட்டேன். எல்லை வரைக்கும் போய்ட்டேன். தாண்டிட்டா மைசூர் ராஜ்யம், ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. ஆனா மனசு கேக்கல சாமி. நானே வண்டியத் திருப்பிக்கினு வந்து டேசன்ல நின்னேன்.”

அது உண்மைதான் என்றார் போலீஸ்காரர்.

வாசலோரம் அவன் மனைவி குல்ஷன், இடுப்பில் ஒன்றும் கைப்பிடியில் ஒன்றுமாக நின்றிருந்தாள். மாஜிஸ்திரேட் அந்தப் பிள்ளைகளைப் பார்த்தார்.

“தானாகத் திரும்பி வந்திருக்கிறானே…” என்று இழுத்தார்.

வாத்தியார் விடவில்லை.

“மன்னிக்க வேண்டும். திரும்பி வந்தால் ஓடியது இல்லை என்று ஆகிவிடுமா? நான் செய்தேன் என்று அந்த இடத்திலேயே நின்று சொல்ல வேண்டாமா? அதுதானே மனுஷனுக்கு அழகு? இவனை விட்டுவிட்டால் நாளைக்கு என் பள்ளிக்கூடத்துக்கு எந்தத் தாய் பிள்ளையை அனுப்புவாள்?”

கேட்டவர்களுக்குக் கண் கலங்கியது. இப்படி ஒரு வாத்தியார் கிடைக்க அந்த ஊர் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

ராஜாத்தியை அவள் அம்மா செல்வம்மாள் தூக்கி வந்து பெஞ்சில் உட்கார வைத்தாள்.

“லாரி நின்றதா அம்மா?” என்று ராஜாத்தியிடம் கேட்டார் மாஜிஸ்திரேட்.

“நிக்கலீங்க.”

“பள்ளிக்கூட நேரத்தில் நீ ஏன் ரோட்டுக்குப் போனாய்?”

ராஜாத்தி வாத்தியாரைப் பார்த்தாள். தைரியமாகச் சொல் என்பதுபோல் அவர் தலையசைத்தார்.

“தண்ணி குடிக்கப் போனேங்க. யாருகிட்டயும் கேக்காம நானாத்தான் போனேங்க.”

மாஜிஸ்திரேட் பெருமூச்சு விட்டுப் பேனாவை எடுத்தார். ஆறு மாதம் கடுங்காவல்.

சாந்த் பாஷாவை அழைத்துப் போகும்போது அவனுடைய மூத்த பிள்ளை, நானும் வருகிறேன் என்று போலீஸ்காரரின் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பார்க்கச் சகிக்கவில்லை. பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு, ராஜாத்தியின் பெஞ்சுக்கு முன்னால் அவன் ஒரு நிமிஷம் நின்றான்.

“நான் ஓடியிருக்கக் கூடாது கண்ணு. தப்பு என்னுதுதான்” என்றான்.

வராந்தாவில் ஊர்க்காரர்கள் வாத்தியாரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மாலை வாங்க ஆள் போயிருந்தது.

அம்மாவின் இடுப்பிலிருந்து எட்டிப் பார்த்த ராஜாத்தி, பாராட்டை எதிர்பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி உரக்கக் கேட்டாள்:

“தப்பில்லாம ஒப்பிச்சேனா சார்? மூக்குப்பொடி வாங்கியார நீங்க அனுப்புனத எங்கம்மாகிட்டகூடச் சொல்லல சார்!”