பதினோரு ஜாயின்ட்

"டேப்பை எத்தனை சுத்து சுத்தினாலும் தண்ணி உள்ள புகுந்துடும், சித்தி. பழைய ஜாயின்ட்டை வெட்டிட்டுப் புதுசா போடறேன்!"

"போடு தியெம், போடு" என்றாள் தூயெட், கரையில் குடை பிடித்தபடி. கா மாவ் டெல்டாவில் மழை காலையிலிருந்து தூறிக்கொண்டே இருந்தது.

தியெம் சந்தையில் மோட்டார் பழுது பார்ப்பவள். தானாகவே படகில் வந்து, தூயெட்டின் இறால் குளத்தில் சக்கரம் சுழற்றிக் காற்றுக் கலக்கும் ஏரேட்டர்களின் வயர்களைச் சரிசெய்யத் தொடங்கிவிட்டாள். கூலியும் வேண்டாமாம்.

உள்ளே பசை பூசிய, சூட்டில் சுருங்கும் பிளாஸ்டிக் குழாயை முதலில் வயரில் கோத்தாள். செம்புக் கம்பிகளை முறுக்கி ஈயம் வைத்தாள். குழாயை மேலே இழுத்துத் தீ காட்டினாள். அது சுருங்கிக் கவ்வ, இரு முனையிலும் பசை பிதுங்கியது. வாளித் தண்ணீரில் முக்கி மீட்டர் வைத்துப் பார்த்தாள். கசிவே இல்லை.

"உன் புருஷன் லோக் எப்படி இருக்கான்?"

"நடக்கறாரு. கைதான் இன்னும் நடுங்குது. அன்னைக்கு நீங்க மெயினை அணைச்சு, மூங்கிலால அவரைக் குளத்துலேர்ந்து இழுத்துப் போட்டு, நெஞ்சை அமுக்கலைன்னா என் பொண்ணுக்கு இன்னைக்கு அப்பா இல்லை."

"அட போடீ! என் வயர் ஒழுங்கா இருந்தா உன் புருஷனுக்கு ஷாக்கே அடிச்சிருக்காது. கரையோரமா போனவன் வழுக்கி விழுந்ததுக்கு இவ்வளவு பெரிய தண்டனையா? நான்தான் உங்ககிட்ட மன்னிப்புக் கேட்கணும். வா, நண்டுக் கஞ்சி ஆறுது."

மாலைக்குள் பதினோரு ஜாயின்ட் முடிந்தது. தூயெட் சுவிட்சைப் போட்டாள். சக்கரங்கள் நுரை கிளப்பிச் சுழன்றன.

தியெம் படகில் ஏறினாள். மோட்டாரைக் கிளப்பவில்லை. தலையும் நிமிரவில்லை.

"சித்தி, அவரு வழுக்கி விழலை."

தூயெட் படகருகே வந்தாள்.

"இறால் திருடத்தான் இறங்கினாரு. நேத்துதான் சொல்லி அழுதாரு. இடுப்புப் பை நிறைய அள்ளினாராம். கண்ணு முழிச்சப்போ பை காலியாம். சுத்தி ஊரே நின்னுச்சாம். வழுக்கி விழுந்துட்டான்னு எல்லாரும் பரிதாபப்பட்டாங்களாம்."

தூயெட் குனிந்து படகின் கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தாள்.

"மூச்சு வந்துடுச்சுன்னு தெரிஞ்சதும், ஆளுங்க வர்றதுக்குள்ள பையைக் குளத்துல கவிழ்த்தது நான்தான். வழுக்கி விழுந்துட்டான்னு முதல்ல கத்தினதும் நான்தான், தியெம்."