கிட்டே போய் எடு

மகாளய அமாவாசை விடியலில், கல்கத்தா கங்கையில் இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி, சாத்யகி சான்யால் முன்பின் தெரியாத ஒரு பெண்ணைக் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டார்.

ஒரு நிமிடம் முன்புவரை அந்த வாயில் மந்திரம்தான் இருந்தது. உள்ளங்கையில் கறுப்பு எள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

வருஷத் திதி முடிந்து அப்பாவுக்கு அவர் விடுகிற முதல் தர்ப்பணம் அது. அப்பா போன அன்று சாத்யகி அழவில்லை. ஆம்புலன்ஸ், சுடுகாடு, வந்தவர்களுக்கு டீ என்று ஓடியதில் அழ நேரமில்லை. இன்று புரோகிதர் அப்பாவின் பெயரைச் சொல்லச் சொன்னதும் பாதிப் பெயர்கூட வெளியே வரவில்லை. வாய் கோணி, மூக்கு ஒழுக, சின்னப்பிள்ளை மாதிரி தேம்பிவிட்டார்.

கண்ணைத் திறந்தால் மூக்குக்கு எதிரே ஒரு கேமரா.

நாற்பது வயதுப் பெண். சுடிதார் இடுப்புவரை நனைந்திருந்தது. கழுத்தில் மாட்டிய கேமரா வார்கூட இன்னும் பளபளத்தது. புதுசு என்று பார்த்தாலே தெரிந்தது. அவள் நிறுத்தாமல் டிக் டிக்கென்று எடுத்துக்கொண்டே இருந்தாள்.

"உன் வீட்டு எழவுக்கும் இப்படித்தான் போய் நிப்பியா?" என்றார் சாத்யகி.

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சியது.

"அதை அழி. என் கண்ணு முன்னால அழி."

அவள் தலையை மட்டும் ஆட்டி மறுத்தாள். கேமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். சிரிப்பு மட்டும் போகவில்லை.

சாத்யகி பெண்டாட்டி முன்னால்கூட அழாத மனிதர். அந்த ஒழுகுகிற மூக்கும் கோணல் வாயும் நாளைக்கு ஊரெல்லாம் கைபேசியில் சுற்றும். ஆபீசில் பார்ப்பார்கள், மகள் பார்ப்பாள். அந்தப் படம் இந்தத் தண்ணீரை விட்டு வெளியே போகக்கூடாது.

"என்ன மொஷாய், என்ன தகராறு?" என்று வங்காளத்து 'ஐயா' போட்டு, பக்கத்தில் எள்ளும் தண்ணீரும் விட்டுக்கொண்டிருந்த ஒரு தொந்திக்காரர் கேட்டார்.

சாத்யகி சொன்னார். அவ்வளவுதான், படித்துறையே அவர் பக்கம் வந்துவிட்டது. வருஷா வருஷம் இதே ரோதனை என்றார் ஒருவர். தர்ப்பணம் பண்ணுகிறவர்களைவிட படம் பிடிக்கிறவர்கள்தான் அதிகம், அப்பன் ஆவி வந்து நிற்கக்கூட இடமில்லை என்றார் இன்னொருவர். கேமராவைப் பிடுங்கி கங்கையில் போடுங்கள் என்று கரையிலிருந்து ஒரு குரல் யோசனை சொன்னது. நேரமாகிறது, அடுத்தவர் காத்திருக்கிறார் என்று முணுமுணுத்தார் புரோகிதர். அவரை யாரும் கவனிக்கவில்லை.

ஆள் பலம் சேர்ந்ததும் சாத்யகியின் குரல் இன்னும் ஏறியது.

"தூரமா நின்னு எடுக்கற லென்ஸ் உலகத்துல கிடைக்கவே இல்லையா? இந்தப் பொடி லென்ஸை மாட்டிக்கிட்டு மூஞ்சி மேலயே வந்து ஏறணுமா? எந்த முட்டாள் உனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தான்? கையில கிடைச்சான்னா இதே தண்ணியில முக்கிடுவேன்."

இப்போதுதான் அவள் சிரிப்பு உடைந்தது. உதடு துடித்தது.

தன் பெயர் தபதி, பராசத் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், கேமரா வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை என்றாள்.

"நான் தூர லென்ஸைத்தாங்க வாங்கப் போனேன். பில் போடற நேரத்துல வேணாம்னு சொல்லி, இந்தச் சின்னதை வாங்கினேன். ஞாயித்துக்கிழமை பேப்பர்ல, புதுசா கேமரா வாங்கறவங்களுக்குன்னு ஒரு பகுதி வருது. அதுல எழுதியிருந்தாரு."

"என்னன்னு?" என்றார் தொந்திக்காரர்.

"தூர லென்ஸ் கோழைங்களுக்கு. சின்னதை வாங்கி மாட்டு, கிட்டே போ. அழறவன் மூச்சு உன் லென்ஸ் கண்ணாடியில படணும். திட்டினா சிரிச்சுட்டே நில்லு. என்ன மிரட்டினாலும் படத்தை மட்டும் அழிக்காதே. அப்படின்னு எழுதியிருந்தாரு. பக்கத்துலயே அவர் எடுத்த படமும் இருந்துச்சு. இதே படித்துறைதான். ஒரு கிழவர் அழறாரு. பரிசு வாங்கின படமாம்."

கூட்டம் கொதித்தது. பாவம், இந்தப் பொம்பளை என்ன செய்வாள், எழுதினவனை அல்லவா உதைக்க வேண்டும் என்றார்கள்.

சாத்யகி மட்டும் கையில் ஒட்டியிருந்த எள்ளைத் தண்ணீரில் கழுவத் தொடங்கினார்.

"சரி, போகட்டும் விடுங்க," என்றார் மெதுவாக. "ஏதோ தெரியாம எடுத்துட்டாங்க. படம் இருந்துட்டுப் போகுது. நேரமாகுது."

"அதெப்படி மொஷாய்? இவ்வளவு தூரம் பேசிட்டு இப்ப விடுங்கன்னா?" தொந்திக்காரர் அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார். "நீங்க முக்கலேன்னா நாங்க முக்கறோம். நீ பேரைச் சொல்லும்மா."

தபதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆளை நான் பார்த்ததில்லைங்க. சாத்யகி சான்யால்னு போட்டிருக்கும்."

அதுவரை எள்ளைக் கிளறிக்கொண்டிருந்த புரோகிதர் நிமிர்ந்தார்.

"சாத்யகியா?" என்றார். "இப்பத்தானே சங்கல்பத்துல உங்க பேருன்னு அதைச் சொன்னீங்க?"