ஒட்டாத புள்ளி

மருத்துவத் தகவலியல் கட்டுரைகளில் சேர்ந்து வரும் சொற்களையெல்லாம் கோடுகளால் இணைத்து, அந்தத் துறைக்கே ஒரு வரைபடம் போட்டிருந்தார் நூலகர் வைதேகி. கணினி, மருந்து, புள்ளியியல் எல்லாம் பின்னிப் பிணைந்து கிடந்தன. ‘மௌனம்’ மட்டும் எதிலும் ஒட்டாமல் ஓரத்தில் நின்றது.

“அந்தச் சொல் ஒரே ஒரு கட்டுரையிலதானே வருது மேடம்? அழிச்சிடுங்க. சாயங்காலம் அச்சுக்குப் போகணும்,” என்றார் டாக்டர் தனசேகர்.

வைதேகிக்கு மனம் வரவில்லை. கட்டுரையைத் திறந்தார். ‘வலிக்கிறதா?’ என்று கேட்டதும் நோயாளிகள் எத்தனை விநாடி பேசாமல் இருக்கிறார்கள் என்று அளந்திருந்தார்கள்.

“யாரு, இவ்வளவு வேலையத்துப் போய்?”

வைதேகி பெயரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். “நீங்கதான் டாக்டர். படிக்கிற காலத்துல எழுதினது. அழிச்சிடட்டுமா?”

அவர் பேசவில்லை. வைதேகி சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்க்கத் தொடங்கினார்.