முப்பது புது டெஸ்க்

லாரியிலேர்ந்து டெஸ்க் எறங்க எறங்க லூவெல்லாவுக்கு ஆத்திரம் பத்திக்கிட்டு வந்துச்சு.

ஒண்ணா ரெண்டா, முப்பது! மேல தூக்கித் தொறக்குற மூடி வெச்ச டெஸ்க், எல்லாம் பளபளன்னு. கூடவே ஒரு உலக உருண்டை வேற!

அமெரிக்காவோட தெக்குப் பக்கத்துல, எட்டு வருஷமா கெஞ்சியும் ஒரு சாக்பீஸ் பெட்டிகூட வராத கறுப்புப் பிள்ளைங்க பள்ளிக்கூடம் அது. நாளைக்கு ஜட்ஜ் வர்றாரு. வெள்ளைக்காரப் பிள்ளைங்க பள்ளிக்கூடமும் இதுவும் சமமா இருக்கான்னு நேர்ல பாக்கப் போறாராம். சமம்னு அவர் சொல்லிட்டா, கறுப்புப் பிள்ளைங்களைப் பெத்தவங்க போட்ட கேஸ் அவ்ளோதான்.

அந்தக் கேஸ்ல முதல் கையெழுத்து லூவெல்லாவோடது. போட்ட மறுநாளே, அவ துணி துவைச்ச வெள்ளைக்கார வீட்டுல கதவைச் சாத்திட்டாங்க.

"பியூலா, சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்குல்ல? நாளைக்கு ஒரு தப்பு நடக்கக் கூடாது." கல்வி அதிகாரி ஹாலோவே தொப்பியைக்கூடக் கழட்டாம மெரட்டினாரு.

"ஆகட்டும் சார்! நீங்க கவலையே படாதீங்க சார்!"

பியூலா டீச்சர் சிரிச்ச சிரிப்பு இருக்கே, முப்பத்திரண்டு பல்லும் தெரிஞ்சுது. கேஸ்ல கையெழுத்து கேட்டப்போ மட்டும் இதே டீச்சர், "என்னை விட்டுடுங்க"ன்னு ஒதுங்கிட்டாங்க!

சாயங்காலம் லூவெல்லாவோட பொண்ணு ஏர்லீன் அழுதுக்கிட்டே வீட்டுக்கு வந்தா. ஆறு வயசு. புறங்கை செவந்திருந்துச்சு.

"டீச்சர் அடிச்சாங்கம்மா. நாளைக்கு அவங்க சொல்ற வரைக்கும் யாரும் மூடியைத் தொறக்கக் கூடாதாம். நான் தொறந்துட்டேன். உள்ள ஏதோ பழுப்பா ஒட்டியிருந்துச்சு, பிச்சேன்..."

லூவெல்லா வெறிபிடிச்ச மாதிரி பள்ளிக்கூடத்துக்கு ஓடினா. டீச்சர் ஒவ்வொரு டெஸ்க்கா துணியால தொடைச்சுக்கிட்டு இருந்தாங்க.

"மரக்கட்டைக்காக எம்புள்ளையை அடிப்பீங்களா மிஸ் பியூலா?"

"அடிச்சது தப்புதான் லூவெல்லா. ஆனா நாளைக்குக் காலை வரைக்கும் இதுல ஒரு கீறல் விழக் கூடாது."

"ஓ! ஹாலோவே துரை கோச்சுப்பாரோ? வேலை போயிடுமோ?"

"போயிடும்னுதான் பயமா இருக்கு."

"இருக்கட்டும், நல்லா தொடைங்க! நாளைக்கு ஜட்ஜுக்கு மூஞ்சி தெரியணும்ல!"

டீச்சர் துணியை ஒதறிட்டு அடுத்த டெஸ்க்குக்குப் போயிட்டாங்க.

மறுநாள் ஜட்ஜ் வந்தாரு. பின்னாடியே வக்கீலுங்க, ஹாலோவே. லூவெல்லா ஜன்னலுக்கு வெளியில நின்னு உதட்டைக் கடிச்சுக்கிட்டு இருந்தா.

ஜட்ஜ் உலக உருண்டையைச் சுத்திப் பாத்தாரு. டெஸ்க்கைத் தடவினாரு. "பரவாயில்லையே, நல்லாத்தானே வெச்சிருக்காங்க?"

ஹாலோவே நெஞ்சை நிமித்தினாரு. "எங்க மாவட்டத்துல பாகுபாடே கெடையாது யுவர் ஆனர்!"

முடிஞ்சுது. எல்லாம் முடிஞ்சுது. லூவெல்லாவுக்குக் கண்ணு கலங்கிருச்சு.

"ஐயா, கொஞ்சம் பின்னாடி வந்து நின்னா வகுப்பு முழுசும் தெரியும்"னாங்க டீச்சர், பூனை மாதிரி.

ஐஸ் வெக்கிறாளே பாவி!

ஜட்ஜ் கடைசி வரிசைக்குப் பின்னாடி போய் நின்னாரு.

"பிள்ளைங்களா, இப்போ மூடியைத் தொறந்து புத்தகத்தை எடுங்க."

படபடன்னு முப்பது மூடி ஒண்ணா மேல எழும்புச்சு. மூடிக்கு உள்பக்கம் முப்பது பழுப்புச் சீட்டு, ஜட்ஜைப் பாத்துக்கிட்டு! ஏர்லீனோடதுல மட்டும் ஓரம் கிழிஞ்சிருந்துச்சு.

ஜட்ஜ் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கிட்டு சத்தமாவே படிச்சாரு.

"வெள்ளையர் உயர்நிலைப் பள்ளி ஸ்டோர் ரூம். மூணு நாள் இரவல். வெள்ளிக்கிழமை சாயங்காலம் திருப்பி அனுப்பவும்."

ஹாலோவே அலறினாரு. "பியூலா! அதையெல்லாம் பிச்சுப் போடச் சொன்னேனா இல்லையா!"

சொல்லி முடிச்ச அப்புறந்தான், ஜட்ஜ் தன்னையே பாத்துக்கிட்டு இருக்குறது அவருக்கு ஒறைச்சுது.

பியூலா டீச்சர் ஜன்னல்ல நின்ன லூவெல்லாவை ஒரு தடவை பாத்தாங்க. அப்புறம் மேஜை மேல இருந்த தன்னோட பையை எடுத்துத் தோள்ல மாட்டிக்கிட்டாங்க.

"மன்னிச்சுடுங்க சார். அரசாங்கச் சீட்டாச்சே, ராத்திரி பூரா காவல் இருந்தேன்."