மூன்றாம் பொத்தான்

"மூணாம் நம்பருக்கு இந்த வாரம் எது பிடிச்சிருந்தது, சிஸ்டர்?"

தாளிலிருந்து தலை நிமிராமல் கேட்டார் கணக்கெடுப்பவர்.

மூன்றாம் நம்பர் அவளுடைய மகன்.

டிவிக்கு அடியில் சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். அதற்கென்று தனி ரிமோட். டிவி முன்னால் யார் உட்கார்ந்தாலும் தன் பொத்தானை அழுத்த வேண்டும். ஒன்று அப்பா, இரண்டு அம்மா, மூன்று பிள்ளை. அழுத்தினால் கருவியில் அவரவர் விளக்கு பச்சையாக எரியும். எந்த நிகழ்ச்சியை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கம்பெனிக்கு அப்படித்தான் தெரியும். அது போதாதென்று சனிக்கிழமைதோறும் ஓர் ஆள் வந்து, ஆளுக்கொரு கருத்தும் எழுதிக்கொண்டு போவார்.

தன் கருத்தை அவள் ஏற்கெனவே சொல்லியாயிற்று. எட்டு மணித் தொடரில் மூத்த மருமகள் மூன்று வாரமாக ஒரே மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருக்கிறாள், சீக்கிரம் தரைக்கு வந்தால் தேவலை. பாட்டுப் போட்டியில் பாடுகிறவர்களைவிட நடுவர்கள் அதிகம் அழுகிறார்கள். விவாத மேடையில் நாலு பேர் கத்துகிறார்கள், நாலில் ஒன்றுகூடக் காதில் விழுவதில்லை.

ஒன்றாம் நம்பருக்குக் கருத்தே கிடையாது. லேத் பட்டறையில் வேலை பார்க்கும் அவள் கணவர் எட்டு மாதமாக டிவி இருக்கும் பக்கம் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை. அவள் தொடர் பார்க்கும் நேரத்தில் வாசற்படியில் பேப்பரோடு உட்கார்ந்திருப்பார். கூப்பிட்டாலும் வரமாட்டார். சரியான கல்லுளிமங்கன்.

"அவனுக்கும் அந்த எட்டு மணி சீரியல்தான் சார். ஜவ்வா இழுக்கறாங்கன்னு திட்டிக்கிட்டே பார்ப்பான்."

காலையில் வார்டில் நோயாளிகளுக்குக் காய்ச்சல் பார்த்துக்கொண்டே யோசித்து வைத்த பதில் அது.

பழைய ஆளாக இருந்தால் அதை எழுதிக்கொண்டு, தண்ணீர் வாங்கிக் குடித்து, இதற்குள் அடுத்த வீட்டுக்குப் போயிருப்பார். இவர் புதிது. எழுதவில்லை. பையிலிருந்து அச்சடித்த தாள்களை ஒரு கட்டாக எடுத்து மேசையில் வைத்தார்.

"இருபத்துமூணு வயசுப் பையன் ஒரு நாள் விடாம சீரியல் பாக்கறது எங்க ஆபீஸ்ல இடிக்குது. ஒரு மாசத்துக்கு மேல வீட்ல இல்லாதவங்க பட்டனை அழிச்சிடணும், அது ரூல். தம்பிய ஒரு தடவ கண்ணால பாத்துட்டேன்னா போதும்."

எட்டு மாதம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாகிவிட்டது. இனி முடியாது.

அவன் போய் எட்டு மாதம். பைக்கில் போனவனை, அவள் வேலை பார்க்கும் மருத்துவமனைக்கே தூக்கி வந்தார்கள். அவளுடைய டூட்டி நேரத்திலேயே.

மறுவாரம் அவன் சட்டைகளையும் கால்பந்து பூட்ஸையும் மூட்டை கட்டி யாருக்கோ கொடுத்துவிட்டு வந்தார் கணவர். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்கப்புறம் பிள்ளையின் பெயர் அவர் வாயில் வந்ததே இல்லை. பெற்ற மனம் பித்து என்பார்கள், இவருக்குப் பெற்ற மனமே கல்லாகிவிட்டது என்று அவள் முடிவுகட்டினாள். சோறு போடுவாள், மருந்து எடுத்துக் கொடுப்பாள். முகம் பார்த்துப் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

ஒருநாள் இரவு தொடர் பார்க்க இரண்டை அழுத்தினாள். இரண்டாம் விளக்கு எரிந்தது. பக்கத்தில் மூன்றாம் விளக்கு அணைந்து கிடந்ததைப் பார்க்கப் பொறுக்காமல் அதையும் அழுத்தினாள். மறுநாளும் அழுத்தினாள். அவ்வளவுதான் அவள் செய்த தப்பு.

ரிமோட்டை எடுத்துக் கணக்கெடுப்பவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"அவன் இல்ல சார். எட்டு மாசமாச்சு. எட்டு மணிக்கு நான்தான் ரெண்டையும் அழுத்தறேன். தப்புதான், அழிச்சிடுங்க."

அவர் ரிமோட்டைத் தொடவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டார். தாளில் ஒரு வரியில் விரல் வைத்தார்.

"எட்டு மணி நீங்க, சரி. காலைல ஆறு மணிக்கு, சிஸ்டர்?"

அவளுக்குப் புரியவில்லை. காலை ஆறு மணிக்கு அவள் வீட்டிலேயே இருப்பதில்லை. ஐந்தரைக்கெல்லாம் டூட்டிக்குக் கிளம்பிவிடுவாள்.

அவர் தாள்களை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

காலை ஆறு மணி. விளையாட்டுச் சேனல். முந்தின நாள் கால்பந்து ஆட்டத்தின் மறுஒளிபரப்பு. ஆட்டம் முடியும்வரை கூட இல்லை, அரை மணி நேரம் மட்டும். அவள் விரலை வைத்து நாள் நாளாகப் பின்னால் போனாள். தாள் மாறித் தாள் வந்தது, அவள் லீவில் வீட்டில் இருந்த நாட்கள் தவிர ஒரு நாளும் தவறவில்லை. கடைசியில் விரல் போய் நின்ற தேதி, பூட்ஸைக் கொடுத்துவிட்டு வந்ததற்கு மறுநாள்.

அந்த நேரத்தில் வீட்டில் இருப்பது ஒரே ஆள்தான்.

அந்த அரை மணி நேரத்தில் ஒன்றாம் நம்பர் ஒரு நாள்கூட அழுத்தப்படவில்லை. மூன்று மட்டும்தான்.

அவள் கை நீட்டி ரிமோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கணக்கெடுப்பவர் பேனாவை மூடினார்.

"இத அழிக்கச் சொல்ல நான் மட்டும் பத்தாது சார். அஞ்சு மணிக்கு வந்துடுவாரு, இருங்க."